மெய்யான கடலில் எடுத்த படம்: ‘விண்டிகேஷன் ஸ்விம்’

இந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை 2024 மார்ச்சில், படம் வெளிவந்த கையோடு, என்னோடு கடலில் நீந்துகிற நான்கு பெண்களோடு ஒரு சின்னத் தியேட்டரில். இரண்டாம் தடவை வீட்டில், அம்மாவோடு. அம்மாவுக்கு 79 வயது. வல்வெட்டித்துறையில் கடலுக்கு எதிர்ப்பக்கம் வாசல் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலப் படம் என்றால் பத்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுவார். இதற்கு முழித்திருந்தார்.

படத்தை எடுத்தவர் எலியட் ஹாஸ்லர். இங்கிலாந்தின் பிரைட்டனைச் சேர்ந்த இளைஞர், பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் எடுத்திருக்கிறார். கதாநாயகி மெர்சிடிஸ் கிளைட்சே என்கிற நிஜமான பெண். அவரும் பிரைட்டனில்தான் 1900ஆம் ஆண்டு, ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். லண்டனில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தார். 1923இல் தேம்ஸ் நதியில் 10 மணி 45 நிமிடம் நீந்திப் பிரிட்டிஷ் பெண்களுக்கான சாதனை வைத்தார். 1927 அக்டோபர் 7ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர். அதற்கு முன் ஏழு தடவை இறங்கி, ஏழு தடவையும் முடியாமல் திரும்பியவர்.

நானும் டைப் அடித்துப் பிழைக்கிறவள்தான். ஒரு மருத்துவமனையில் டாக்டர்மார் பேசி வைப்பதைக் கேட்டுக் கடிதமாக்குவது என் வேலை. அதனால் கதாநாயகி கிழமை முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டுக் கடலுக்குப் போகிறவள் என்றதுமே எனக்குப் படம் பிடித்துப்போய்விட்டது. அதையும் சொல்லிவைக்க வேண்டும். முற்றும் நடுநிலையான ஆள் எழுதும் விமர்சனம் இல்லை இது.

முதலில் தண்ணீர். கிளைட்சேயாக நடித்த கிர்ஸ்டன் காலஹன் நீச்சல் முழுவதையும் தானே நீந்தியிருக்கிறார். டூப் இல்லை, ஸ்டூடியோத் தொட்டி இல்லை. கால்வாய்க் கடலிலேயே, அந்தக் காலத்து நீச்சலுடையோடு. இதைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் போனேன் என்றாலும், படிக்காமல் போயிருந்தாலும் எங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்திருக்கும். தொட்டித் தண்ணீர் ஆளைச் சுற்றி ஆடும். கடல் ஆளையே தூக்கி வைக்கும். தோள் ஒரு அலையிலும் இடுப்பு இன்னொரு அலையிலும் இருக்கும்போது கை வீசுகிற தாளம் கெட்டுப்போகும். கெட்ட தாளத்தோடேயே அடுத்த கையைப் போட வேண்டும். மூச்செடுக்க வாயைத் திறக்கிற நேரத்தில் ஒரு சிற்றலை வந்து வாய்க்குள் புகும். அதைத் துப்பிவிட்டு, மூச்சில்லாமலே இன்னும் இரண்டு கை போட்டு, அடுத்த பக்கம் மூச்செடுக்க வேண்டும். இதையெல்லாம் நடிக்க ஏலாது. நடந்ததைப் படம் பிடிக்கத்தான் முடியும்.

நான் கடலுக்கு மறுபடி இறங்கியது 42 வயதில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் கரையில். ‘மறுபடி’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரில் ஒன்பது வயது வரைக்கும் அண்ணன்மாரோடு கடலில்தான் கிடந்தேன். பெரிய பிள்ளையானதும் அது நின்றது. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. “இனிப் போகக் கூடாது, பிள்ளை” என்று அம்மம்மா ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 30 வருடத்துக்கு மேல் கடலைக் கரையில் நின்று பார்க்கிறவளாகவே இருந்தேன்.

இங்கே முதல் நாள் ஒரு மே மாதம். தண்ணீர் 11 பாகை செல்சியஸ். இடுப்பளவு போனதுமே நெஞ்சு தானாகவே மூச்சை இழுத்து இழுத்து வாங்கத் தொடங்கியது, நிறுத்த முடியவில்லை. கூட வந்த அக்கா, “ஊது, வெளியே ஊது, உள்ளே இழுக்கிறதைப் பற்றி யோசிக்காதே” என்றார். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற குளிர்தான் ஆளை மெல்ல மெல்லத் தின்னும். அரை மணிக்குள் சின்ன விரல் மோதிர விரலை விட்டு விலகி நிற்கும். சேர்த்து வைக்க நினைத்தாலும் சேராது. கை விரிந்த கோழிக்கால் மாதிரி ஆகிவிடும், தண்ணீரைப் பிடிக்காது. கரைக்கு வந்த பிறகுதான் நடுக்கம் கூடும். வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடம் வரைக்கும் உடம்புச் சூடு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பிளாஸ்க் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறந்திருக்கிறேன்.

இது அரை மணி நேரக் கதை. கிளைட்சே அன்று தண்ணீருக்குள் இருந்தது 15 மணி 15 நிமிடம். பிரான்ஸ் பக்கத்தில் காப் கிரி நேயில் அதிகாலை 2.55க்கு, இருட்டில் இறங்கினார். கடும் பனிமூட்டம். திராட்சை, தேன், கடுந்தேநீர், கொக்கோ. இவைதான் அன்றைய சாப்பாடு. இங்கிலாந்துக் கரையைத் தொட்டது மாலை 6.10க்கு. நேர்கோட்டில் அளந்தால் 33 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் கால்வாயில் யாரும் நேர்கோட்டில் நீந்துவதில்லை. சுமார் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். முதலில் ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு போய், பிறகு மறுபக்கம் அள்ளி வரும். நீந்திய பாதையை வரைபடத்தில் போட்டால் வளைந்து வளைந்துதான் இருக்கும். கரை கண்ணுக்குத் தெரியும்போது நீரோட்டம் மாறினால், அந்தக் கரையே பக்கவாட்டில் நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நீந்த வேண்டியதுதான்.

சரி, படத்தின் பெயருக்கு வருவோம். கிளைட்சே கடந்து நான்கு நாள் கழித்து, அக்டோபர் 11ஆம் திகதி, டொரத்தி காக்ரன் லோகன் என்ற பெண் மருத்துவர் தானும் கடந்துவிட்டதாக, அதுவும் 13 மணி 10 நிமிடத்தில் கடந்துவிட்டதாக அறிவித்தார். ஒரு பத்திரிகை 1,000 பவுண் பரிசும் கொடுத்தது. சில நாளில் அவரே வாய்திறந்து, முழுவதும் நீந்தவில்லை, பொய் என்று ஒத்துக்கொண்டார். கால்வாய் நீச்சலில் எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று காட்டவே செய்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பொய்ச் சத்தியம் செய்ததற்காக 100 பவுண் தண்டமும் கட்டினார்.

ஆனால் அடி விழுந்தது கிளைட்சே மேல். ஒருத்தி பொய் சொன்னாள் என்றால் மற்றவள் மட்டும் உண்மை சொன்னாள் என்று எப்படி நம்புவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குத்தான் அவர் அக்டோபர் 21ஆம் திகதி மறுபடி இறங்கினார். விண்டிகேஷன் ஸ்விம் என்றால் தன் சொல் மெய்யென்று நிறுவ நீந்திய நீச்சல். எட்டுத் தடவை போதாமல் ஒன்பதாவது தடவை, அக்டோபர் பிற்பகுதியில், முன்னதை விடக் குளிர்ந்த தண்ணீரில்.

அந்த இரண்டாவது நீச்சலில் அவர் கரை சேரவில்லை. பலரும் இதை மாற்றித்தான் சொல்கிறார்கள். 10 மணி 24 நிமிடத்துக்குப் பிறகு, குளிரில் நினைவு தப்பிப்போகிற நிலையில் படகுக்கு இழுத்து ஏற்றினார்கள். இருந்தும், அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் முதல் நீச்சலையும் நம்பினார்கள். அன்று கழுத்தில் ரோலெக்ஸ் ஒய்ஸ்டர் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். தண்ணீர் புகாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. 1927 நவம்பர் 24ஆம் திகதி டெய்லி மெயில் முதல் பக்கத்தில் ரோலெக்ஸ் அவரை வைத்து விளம்பரம் போட்டது. கடிகாரக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, கடிகாரம் கால்வாயைக் கடந்தது போல ஒரு எண்ணம் வந்துவிடும். கடிகாரம் கடக்கவில்லை. கடிகாரம் இல்லாத நாளில்தான் அந்தப் பெண் கடந்தார்.

இவ்வளவு வலுவான கதையைக் கையில் வைத்துக்கொண்டு படம் தரையில் தடுமாறுகிறது. எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். போட்டியாளராக லோகனுக்குப் பதில் எடித் கேட் என்று ஒரு பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். விக்டோரியா சமர் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் நிஜத்தில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. படித்த ஒரு டாக்டர், இன்னொரு பெண்ணுக்கு என்ன கேடு வரும் என்று யோசிக்காமல், ‘சோதித்துப் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை அப்படியே திரையில் வைத்திருந்தால் நான் கதிரை நுனிக்கு வந்திருப்பேன். இத்தனைக்கும் அந்தச் சம்பவத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. கால்வாய் நீச்சலைக் கண்காணித்துச் சான்று கொடுக்கிற சங்கம் 1927இல் பிறந்தது இந்தப் பொய்யைத் தொட்டுத்தான். கால்வாய் நீந்துகிறவருக்கு இன்று பக்கத்துப் படகில் ஒரு பார்வையாளர் இருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருகிறார் என்றால், அதன் வேர் அந்த அக்டோபரில் இருக்கிறது.

அடுத்தது, பெண்ணால் முடியுமா, முடியாதா என்ற பேச்சு. படம் அந்த எதிர்ப்பைத்தான் பெரிய மதிலாக எழுப்புகிறது. அந்தக் காலத்து ஆண்கள் அப்படிப் பேசியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1927இல் அந்தக் கேள்விக்குத் தண்ணீரில் பதில் கிடைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. 1926 ஆகஸ்ட் 6ஆம் திகதி அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்ல பதினாலரை மணித்தியாலத்தில் கடந்தார். அதுவரை கடந்த எல்லா ஆண்களையும் விட வேகமாக. அதே மாதம் அமீலியா கேட் கோர்சன் என்கிற, இரண்டு பிள்ளைகளின் தாய் கடந்தார். (படத்துப் போட்டியாளரின் பெயரில் வரும் ‘கேட்’ இவரிடமிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.) ஆக கிளைட்சே முன்னால் நின்ற கேள்வி வேறு. பெண்ணால் முடியுமா என்பதல்ல, இந்தப் பெண்ணின் வாய்ச் சொல்லை எடுக்கலாமா என்பது. முதலாம் உலகப் போர் முடிந்து ஒன்பது வருடம், பெயர் ஜெர்மன் பெயர், கையில் காசில்லாத டைப்பிஸ்ட். படம் இந்த இடத்தைத் தொடுகிறது, ஆனால் தொட்ட இடத்தில் நிற்காமல் பழைய கேள்விக்கே திரும்பி ஓடுகிறது. வசனங்களும் அந்த இடங்களில் மேடைப் பேச்சு மாதிரி விறைத்துப்போகின்றன. உடுப்புகள், தொப்பிகள், தெருக்கள் எல்லாம் கச்சிதம். சின்னச் செலவில் 1920களை இவ்வளவு நேர்த்தியாகக் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் ஆட்கள் அறைக்குள் இருந்து கதைக்கத் தொடங்கினால் நான் எப்போது கடல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் ஹரோல்ட் பெஸ்டாக ஜோன் லொக் வருகிறார். தரைக் காட்சிகளில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். படகில் இருக்கிறவரின் வேலை எவ்வளவு கொடுமையானது என்பது நீந்துகிறவர்களுக்குத் தெரியும். தொட முடியாது. தொட்டால் அந்த நீச்சல் கணக்கில் சேராது. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு ஆள் விறைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு, எப்போது போதும் என்று சொல்வது என்று தீர்மானிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் அவளுடைய ஒரு வருட உழைப்பு போகும். பிந்திச் சொன்னால் ஆளே போகும்.

இந்த இடத்தில் நான் ஆனந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊரார் யாருமே நினைக்காமல் இருக்க முடியாது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல் பாக்கு நீரிணையை இக்கரையிலிருந்து அக்கரைக்கும், அங்கிருந்து திரும்ப இக்கரைக்கும் 51 மணித்தியாலத்தில் நீந்தியவர். சின்ன வயதில் போலியோ வந்த மனிதர். 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி இதே ஆங்கிலக் கால்வாயில், நீந்திக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். எடர்ல கடந்த அதே திகதி, 58 வருடம் கழித்து. அப்போது நான் நாலாம் வகுப்பு. செய்தி வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்து எழும்பி வாசலுக்கு வந்து நின்றதும், ஒழுங்கை முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றதும், யாரும் ஒன்றும் கதைக்காததும் நினைவிருக்கிறது. இங்கிலீஸ் கால்வாய் என்ற சொல் என் காதில் முதன்முதலாக விழுந்தது அன்றுதான். கிளைட்சேயைப் படகுக்கு இழுத்து ஏற்றினார்கள் என்று படிக்கும்போதெல்லாம், ஏற்றினார்களே என்று எனக்கு நெஞ்சு நிறையும்.

படத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் கனமாகும். கிளைட்சே அந்த ஒரு அக்டோபரோடு நிற்கவில்லை. 1928 ஏப்ரலில் ஜிப்ரால்டர் நீரிணையை நீந்திக் கடந்தார், அதைக் கடந்த முதல் ஆள் அவர். பிறகு நகர நீச்சல் குளங்களில் 40 மணித்தியாலம் தாண்டியும் நிற்காமல் நீந்திக் காட்டினார், சனம் டிக்கட் வாங்கிப் பார்த்தது. வீடில்லாதவர்களுக்கு ஒரு புகலிடம் கட்ட வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1933இல் லெஸ்டரில் அவர் பெயரால் அந்த இல்லங்கள் திறந்தன. 1940இல் குண்டு விழுந்து அழிந்தன. 1981இல் அவர் இறக்கும்வரை, பெற்ற பிள்ளைகளுக்குக்கூடத் தன் நீச்சலைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. மகள்தான் பிறகு பெட்டிகளில் கிடந்த காகிதங்களைப் பார்த்துத் தேடித் தேடித் தாயின் கதையை எழுதினார். அவ்வளவு பாடுபட்டுத் தன்னை நம்பவைத்த ஒருத்தி பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை என்பது என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது.

யார் பார்க்கலாம் என்று கேட்டால்: நீந்துகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண் பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம், ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். தொலைபேசியில் பார்த்தால் அலைகள் சிறுத்துவிடும், படத்தின் உயிரே போய்விடும். விறுவிறுப்பான திருப்பங்களை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. தியேட்டரில் எங்களோடு வந்த ஒருத்தி அந்த வருடம் ஆறு மணித்தியாலத் தகுதி நீச்சலுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். கால்வாய்க்கு இறங்க வேண்டுமென்றால் 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் ஆறு மணித்தியாலம் முதலில் நீந்திக் காட்ட வேண்டும். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அவள் எழும்பவில்லை. இரண்டு கையையும் விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மாவோடு பார்த்தபோது மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அறைக்குள் ஆட்கள் கதைக்கிற இடங்களில் அம்மா தன் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். கடல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உது மெய்க்கடல், பிள்ளை” என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “எப்படி அம்மா தெரியும்?” என்றேன். “தண்ணி அவளைத் தூக்கிற விதத்தைப் பாரன். அவள் அதுக்கு இசைஞ்சு குடுக்கிறாள். இல்லையெண்டால் கழுத்து முறிஞ்சிருக்கும்.”

அம்மா எப்போதாவது நீந்தியிருக்கிறாரா என்று நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். “பதினொரு வயசு மட்டும்,” என்றார். “மீன்வாடிக்கு முன்னால கட்டியிருக்கிற வள்ளம் வரைக்கும் போய்த் தொட்டிட்டு வருவன்.”

படம் முடிந்த பிறகு ரிமோட்டை என்னிடம் தந்து, கடல் வருகிற இடங்களை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று கையால் காட்டினார்.